எண் டொமைன்களை வாங்கி விற்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எழுத்துகள் கலக்காமல் எண்களால் மட்டும் அமைந்த இணைய முகவரிகளை எண் டொமைன்கள் என்கிறோம். சீனாவின் சீஹூ 360 நிறுவனம், வோடஃபோனிடம் இருந்த 360.காம் என்ற பெயரை 2015ஆம் ஆண்டில் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, இவ்வகைப் பெயர்களின் மீது பலருடைய கவனமும் திரும்பியது. அந்தத் தொகையைக் கேள்விப்பட்ட வேகத்தில், கைக்குக் கிடைத்த ஏழு இலக்க எட்டு இலக்க எண்களையெல்லாம் பதிந்து வைத்துக்கொண்டு, வாங்குவோரை எதிர்பார்த்து ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். இந்த விளக்கம் அந்த வழியைக் காட்டுவதற்காக அன்று. ஓர் ஐந்து இலக்க டாட் காம் பெயரை எப்படித் தேர்வது, எப்படிச் சரிபார்ப்பது, பணத்தை இழக்காமல் எப்படி வாங்குவது, பிறகு எப்படி விற்பது என்பதை வரிசையாகச் சொல்வதற்காக எழுதப்படுகிறது. இது ஊக வணிகம் என்பதையும், போட்ட பணம் முழுவதும் போனாலும் குடும்பச் செலவு பாதிக்கப்படாது என்ற நிலையில் உள்ளவர் மட்டுமே இதில் இறங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: வாங்குபவர் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

எண் டொமைன்களின் உண்மையான சந்தை சீனாவில் இருக்கிறது. இணையம் அங்கே பரவத் தொடங்கிய காலத்தில், ரோமன் எழுத்துகளில் பழக்கமில்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு ஆங்கிலச் சொல்லை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வதைவிட எண்ணைத் தட்டுவது எளிதாக இருந்தது. டயல்-அப் இணைப்புக்குச் சுழற்ற வேண்டியிருந்த 163 என்ற எண்ணையே நெட்ஈஸ் நிறுவனம் தன் முகவரியாக, 163.காம் என்று வைத்துக்கொண்டது. கியூகியூ அரட்டைச் செயலியில் பயனாளரின் அடையாளமே ஓர் எண்தான். மின்னஞ்சல் முகவரியும் அதே எண்ணாக அமைந்தது. ரயில் பயணச்சீட்டு எடுக்கும் அரசுத் தளத்தின் பெயர் ரயில்வேயின் உதவித் தொலைபேசி எண்ணான 12306. அலிபாபாவின் மொத்த வணிகத் தளம் 1688.காம், அந்த எண்ணைச் சீன மொழியில் வாசித்தால் ‘யி லியோ பா பா’ என்று ஏறத்தாழ நிறுவனத்தின் பெயரே ஒலிக்கும்.

ஆகவே ஓர் எண் உங்களுக்கு அழகாகத் தெரிகிறதா என்பது இங்கே பொருட்டே அன்று. உங்கள் பிறந்த நாள், திருமண நாள், வண்டி எண் ஆகியவற்றைப் பதிந்து வைக்க விரும்பினால் ஆசைக்காகப் பதியலாம். அதை முதலீடு என்று கணக்கில் எழுதக் கூடாது.

படி 2: எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்

டாட் காமில் ஓர் இலக்கப் பெயர்கள் 1993 முதல் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதால் சந்தைக்கு வருவதில்லை. இரண்டு இலக்கத்தில் 100, மூன்றில் 1,000, நான்கில் 10,000, ஐந்தில் ஒரு லட்சம், ஆறில் பத்து லட்சம் பெயர்கள் மட்டுமே இருக்க முடியும். இந்த எண்ணிக்கை ஒருபோதும் கூடாது என்பதுதான் எண் டொமைனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம். அந்த வாதம் பாதிதான் உண்மை. அரிதாகக் கிடைப்பது வேறு, தேவைப்படுவது வேறு.

இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். டாட் எக்ஸ்ஒய்இசட் பின்னொட்டை நடத்தும் நிறுவனம், 2017இல் ஆறு முதல் ஒன்பது இலக்கம் வரையிலான எல்லா எண் பெயர்களையும் ஆண்டுக்கு 99 சென்ட் என்ற விலையில் திறந்துவிட்டது. அவற்றின் மொத்த எண்ணிக்கை 111 கோடியே 10 லட்சம். அதுவும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கைதான். ஆனால் அதில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு ‘இது உலகில் ஒன்றே ஒன்று’ என்று சொன்னால் யாரும் பணத்தை எடுத்து நீட்ட மாட்டார்கள். பின்னொட்டு மாறினால் மதிப்பும் அடியோடு மாறுகிறது. தொடங்குபவர் டாட் காமைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருப்பது நல்லது. நான்கு இலக்கமும் அதற்குக் குறைவானவையும் விலையில் எட்டாதவை. ஏழு இலக்கமும் அதற்கு மேற்பட்டவையும், சிறப்பான பொருள் தரும் மிகச் சிலவற்றைத் தவிர, விலைபோகாதவை. எனவே பழகுவதற்கு ஏற்றவை ஐந்து இலக்கப் பெயர்களும், தேர்ந்தெடுத்த சில ஆறு இலக்கப் பெயர்களும்தான்.

படி 3: எண்ணைச் சீனக் காதால் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எட்டு என்றால் நம்மில் பலர் சனி என்று ஒதுங்குவார்கள். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டாக வந்தால் வேறு எண் கேட்போரும் உண்டு. சீனச் சந்தையில் அதே எட்டுக்குத்தான் உயர்ந்த விலை. ‘பா’ என்ற அதன் ஒலி, செல்வம் பெருகுவதைக் குறிக்கும் ‘ஃபா’ என்ற ஒலியை நினைவூட்டுகிறது. ஆறு என்பது காரியம் தடையின்றி நடப்பதையும், ஒன்பது என்பது நீடித்து நிலைப்பதையும் நினைவூட்டுவதால் அவையும் விரும்பப்படுகின்றன. நான்கின் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பதால், நான்கு இடம்பெற்ற பெயரின் விலை உடனே இறங்கிவிடுகிறது. பூச்சியத்தை நான்கைப் போல வெறுப்பதில்லை என்றாலும், முதல் இலக்கமாக அது வருவதைப் பலர் விரும்புவதில்லை.

ஐந்து இலக்கத்தில் நான்கு இல்லாத பெயர்கள் 59,049. நான்கும் பூச்சியமும் இல்லாதவை 32,768. விற்பனைப் பட்டியல்களில் ‘நான்கு இல்லை’, ‘பூச்சியமும் நான்கும் இல்லை’ என்று தனித்தனி வகைகளாகவே குறிப்பிடுவார்கள். முதலில் வாங்கும் பெயர் இந்த இரண்டாவது வகையில் இருக்கட்டும்.

தனி இலக்கங்களைவிடச் சேர்க்கைகள் முக்கியமானவை. 51 என்பது ‘எனக்கு வேண்டும்’ என்பதுபோல ஒலிக்கிறது. வேலைவாய்ப்புத் தளமான 51ஜாப் அப்படித்தான் பெயர் பெற்றது. 168 என்பது ‘வழியெல்லாம் செல்வம்’ என்றும், 518 என்பது ‘நான் செல்வம் ஈட்டப்போகிறேன்’ என்றும், 17 என்பது ‘ஒன்றாக’ என்றும் கேட்கும். 520 என்பது காதலைச் சொல்லும் எண். 1314 என்பது ‘வாழ்நாள் முழுவதும்’ என்பதைக் குறிப்பதால், நான்கு இருந்தும் அதற்கு மதிப்புக் குறைவதில்லை. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இத்தகைய விலக்குகளைத் தவறவிடுவார். பூச்சியத்தில் தொடங்குபவற்றிலும் ஒரு விலக்கு உண்டு: பெய்ஜிங்கின் தொலைபேசிக் குறியீடு 010, ஷாங்காய்க்கு 021, ஷென்செனுக்கு 0755. நகரக் குறியீடாகவே அமைந்த பெயரை அந்த நகரத்து வணிகர்கள் தேடுவார்கள்.

தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன. 250 என்பது அங்கே முட்டாளைத் திட்டும் சொல். 1989 ஜூன் 4 நிகழ்வைக் குறிக்கும் 8964 போன்ற எண்கள் தணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், எந்தச் சீன நிறுவனமும் அவற்றின் மேல் தளம் அமைக்கத் துணியாது. ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவது, ஏறுவரிசை, இரட்டை இரட்டையாக அமைவது ஆகியவை விலையை உயர்த்தும்; ஐந்தும் ஒரே இலக்கமாக உள்ளவை மொத்தமே பத்துதான் என்பதால் அவை நம் கணக்கில் வராது. சீன மொழி அறிந்த ஒருவரிடம் எண்ணை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது, பத்துக் கட்டுரைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

படி 4: கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்ற விலையைப் பாருங்கள்

சந்தைத் தளங்களில் ஒருவர் தம் பெயருக்கு எந்த விலையையும் எழுதி வைக்கலாம். நடந்து முடிந்த விற்பனைகளை நேம்பயோ போன்ற தரவுத்தளங்களில் தேடி, அதே இலக்க எண்ணிக்கையும் அதே வகை அமைப்பும் கொண்ட பெயர்கள் கடந்த ஓராண்டில் என்ன விலைக்குப் போயின என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் எண் டொமைன்களில் தடுமாறக்கூடியவை. அவற்றை நம்பி விலை பேசாதீர்கள்.

ஓராண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூனில் ஷாங்காய் பங்குச் சந்தை சரிந்த பிறகு, சீன முதலீட்டாளர்களின் பணம் குறுகிய டொமைன்களின் பக்கம் திரும்பியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் எண் பெயர்களும், உயிரெழுத்தும் ‘வி’ எழுத்தும் இல்லாத நான்கெழுத்துப் பெயர்களும் வேகமாக விலை ஏறின. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தளம் நடத்தும் நிறுவனங்கள் அல்லர். அடுத்தவரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட நினைத்த வணிகர்கள். 2016இல் புதிதாக வருவோர் குறைந்ததும் விலை இறங்கியது. உச்சத்தில் நடந்த விற்பனைகள் இன்றும் தரவுத்தளங்களில் இருக்கின்றன. அவற்றைக் காட்டி ‘இதே வகைப் பெயர் இவ்வளவுக்குப் போயிருக்கிறது’ என்று சொல்பவரிடம் முதலில் ஆண்டைக் கேளுங்கள்.

படி 5: பெயரின் பழைய வரலாற்றைச் சரிபாருங்கள்

ஐந்து இலக்கப் பெயர்கள் ஏற்கெனவே பலர் கைமாறி வந்தவை. அவற்றில் பல சூதாட்டத் தளங்களாக இருந்தவை என்பதால், இந்தப் படியைத் தாண்டவே கூடாது. இணையத்தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டு, ஆண்டுவாரியாக என்ன தளம் இருந்தது என்று பாருங்கள். சூதாட்டமோ ஆபாசமோ இருந்திருந்தால், சீனாவின் இணையத் தடுப்பு அமைப்பு அந்தப் பெயரைத் தடை செய்திருக்கலாம். வீசாட், கியூகியூ ஆகியவற்றில் இணைப்பைத் திறக்க முடியாதபடியும் இருக்கலாம். சீனத் தரகர்கள் வாங்குவதற்கு முன் சோதிப்பதே இதைத்தான். தடுக்கப்பட்ட பெயர் உங்கள் திரையில் சாதாரணமாகத் திறப்பதால், அது சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். சீனாவுக்குள்ளிருந்து சோதித்துக் காட்டும் இணையக் கருவிகளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து உரிமை. விலை சந்தையைவிட மிகக் குறைவாக இருந்து, பெயர் அண்மையில்தான் வேறு பதிவு நிறுவனத்துக்கு (டொமைன்களைப் பதிந்து தரும் நிறுவனத்துக்கு) மாறியிருந்தால், அது திருடப்பட்டதாக இருக்கலாம். சுலபமாக விற்கக்கூடியவை என்பதால் குறுகிய எண் பெயர்களைத் திருடர்கள் குறிவைக்கிறார்கள். பழைய பதிவுத் தகவல்களைப் பார்த்து, முந்தைய உரிமையாளரைத் தொடர்புகொண்டு, அவர் உண்மையிலேயே விற்றாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். எண்களுக்கும் வணிகக் குறி உரிமை உண்டு என்பதை மறக்காதீர்கள். 360, 163, 365 போன்ற பெயர்பெற்ற எண்களை ஒட்டி அமைந்த பெயரை அந்தத் தொழிலுக்கே பயன்படுத்தினாலோ, அந்த நிறுவனத்திடமே விற்க முயன்றாலோ, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தகராறுத் தீர்வு முறையில் பெயரை இழக்க நேரலாம்.

படி 6: வாங்குங்கள்

வழிகள் மூன்று. ஏல மற்றும் சந்தைத் தளங்களான கோடாடி, சீடோ, டைனாடாட் ஆகியவற்றிலும், சீனாவின் இநேம், 4.சிஎன் ஆகியவற்றிலும் வாங்கலாம். (நான்கை வெறுக்கும் நாட்டில் ஒரு டொமைன் சந்தையே நான்கைப் பெயராகக் கொண்டிருக்கிறது, ஓர் இலக்கத்தின் சுருக்கம் சகுனத்தை வென்றுவிடுகிறது போலும்.) உரிமையாளரிடம் நேரடியாகப் பேசியும் வாங்கலாம். மூன்றாவது, காலாவதியாகும் பெயர்களைப் பிடிப்பது. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனம் 45 நாட்கள் வரை அதை வைத்திருக்கலாம். நீக்கிய பின் 30 நாட்கள் மீட்புக் காலம், அதன் பின் 5 நாட்கள் காத்திருப்பு, பிறகு பொதுப் பதிவுக்கு விடுபடும். நடைமுறையில் நல்ல எண் பெயர் அந்தக் கடைசி நாள்வரை வருவதில்லை. பதிவு நிறுவனமே இடையில் ஏலம் விட்டுவிடும்.

நேரடியாக வாங்கும்போது விற்பவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ.காம் போன்ற இடைநிலை நிறுவனத்திடம் பணத்தைச் செலுத்தி, பெயர் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே பணத்தை விடுவியுங்கள். அத்தகைய இடைநிலை நிறுவனத்தின் பெயரில் போலித் தளங்கள் நடத்துவோர் உண்டு. விற்பவர் அனுப்பும் இணைப்பைச் சொடுக்காமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இருவரும் ஒரே பதிவு நிறுவனத்தில் இருந்தால் கணக்கிலிருந்து கணக்குக்கு ‘புஷ்’ செய்வது சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்ற அனுமதிக் குறியீடு தேவை. ஒருமுறை மாற்றிய பெயரை வழக்கமாக 60 நாட்களுக்கு மீண்டும் மாற்ற இயலாது. பெயர் வந்தவுடன் பரிமாற்றப் பூட்டையும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

படி 7: வைத்திருக்கும் செலவைக் கணக்கிடுங்கள்

டாட் காம் பின்னொட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் ஒரு பெயருக்கு வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலரானது, பதிவு நிறுவனத்தின் பங்கு அதற்கு மேல். கற்பனையாக ஒரு கணக்கு: 300 டாலருக்கு வாங்கிய பெயரை ஆண்டுக்கு 11 டாலர் செலுத்தி ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தால் அடக்கம் 355 டாலர். 450 டாலருக்கு விற்று, 15 விழுக்காடு தரகு போனால் கைக்கு வருவது 382.50, இலாபம் 27.50 டாலர். அதே 300 டாலர் ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் இருந்திருந்தால் ஏறத்தாழ 101 டாலர் வட்டி கிடைத்திருக்கும். விலை ஒன்றரை மடங்காக உயர்ந்தும் வைப்புநிதியிடம் தோற்றுப்போகும் முதலீடு இது என்பதைத் தொடங்கும் முன்பே உணர வேண்டும். இருபது சுமாரான பெயர்களுக்குப் பதிலாக ஒரு நல்ல பெயரை வாங்கச் சொல்வதும் இதனால்தான். புதுப்பிப்புக் கட்டணம் பெயரின் தரத்தைப் பார்ப்பதில்லை.

படி 8: விற்பனைக்கு வையுங்கள்

பெயரின் முகப்புப் பக்கத்தில் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் விற்பனைக் குறிப்பை வைத்து, குறைந்தது ஒரு சீனச் சந்தையிலாவது பட்டியலிடுங்கள். வணிகர்களுக்கு விற்பதானால் அன்றைய நிலவர விலையையே எதிர்பார்க்கலாம், வேகமாக முடியும். தளம் நடத்தவிருக்கும் நிறுவனம் தேடி வந்தால் பல மடங்கு கேட்கலாம், ஆனால் அது ஆண்டுக்கணக்கில் வராமலும் போகலாம். சீனாவுக்குள் இருக்கும் சர்வரில் தளம் வைக்க அரசிடம் பதிவு செய்து அனுமதி எண் பெற வேண்டியிருப்பதால், அத்தகைய நிறுவனம் பெயரின் பழைய பதிவு நிலை குறித்து விரிவாக விசாரிக்கும். ஐந்தாம் படியில் சேர்த்த சான்றுகளை அப்போது அனுப்புங்கள்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பு, அதே வகைப் பெயர்களின் அண்மை விற்பனைகளை மீண்டும் பாருங்கள். அன்றைய விலையில் இந்தப் பெயரை இன்று புதிதாக வாங்குவீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், புதுப்பிப்பதற்கு முன் அடிப்படை விலை இல்லாத ஏலத்தில் விட்டு, வருவதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.