சென்ட்ரலில் ரயில் ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியமேட்டில் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். சீக்கிரம் கிளம்புவது, அடையாள அட்டை எடுத்துக்கொள்வது எல்லாம் தெரிந்த விஷயங்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். சென்னைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறுவது வேறு இடங்களில்.

இறங்கிய ஸ்டேஷனுக்கே திரும்பப் போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்த திருவனந்தபுரம் தம்பதி ஒருவர், மெயில் ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கினார்கள். திரும்ப அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட். அதில் 'சென்னை எழும்பூர்' என்று தெளிவாக இருந்தது. ஆனால் அவர்கள் சென்ட்ரலுக்கு முன்கூட்டியே வந்து, தங்கள் வண்டி எப்போது பலகையில் வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு போன் வந்தபோது ரயில் எழும்பூரை விட்டுப் போயிருந்தது. கன்ஃபர்ம் டிக்கெட், ரயில் போன பிறகு பணம் வராது. அன்றிரவு லாட்ஜ் வாடகை, மறுநாளுக்குத் தட்கல் கட்டணம். அந்த அம்மா அழுததை மறக்க முடியவில்லை.

ஒரே ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் எதற்கு? 1873இல் வந்த சென்ட்ரல் அகலப்பாதை நிலையம், அதாவது தண்டவாள இடைவெளி அதிகம். மேற்கே அரக்கோணம், வடக்கே கூடூர் தடங்களில் போகும் வண்டிகள் அங்கிருந்து கிளம்பும். எழும்பூரின் இன்றைய கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. தெற்கே போன மீட்டர்கேஜ் (இடைவெளி குறைந்த தண்டவாளம்) வண்டிகள் அங்கிருந்துதான் புறப்பட்டன. மீட்டர்கேஜ் போய்விட்டது, பிரிவினை மட்டும் நிற்கிறது. கோவை, பெங்களூரு, டெல்லி என்றால் பெரும்பாலும் சென்ட்ரல். திருச்சி, மதுரை, நெல்லை என்றால் எழும்பூர். கேரளத்துக்குத்தான் குழப்பம்: பாலக்காடு வழியாகப் போகும் மெயில் சென்ட்ரலில், மதுரை, நாகர்கோவில் வழியாகப் போகும் அனந்தபுரி எழும்பூரில்.

அதனால் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் குறியீட்டையும் பாருங்கள். எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர். கட்டுமான வேலை நடக்கும் காலங்களில் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றுவதும் உண்டு. கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை சரிபாருங்கள். இப்போதெல்லாம் நான் டிக்கெட்டின் தலையிலேயே சிவப்புப் பேனாவில் ஸ்டேஷன் பெயரை எழுதித்தான் கொடுக்கிறேன்.

அப்படியும் மாறி வந்துவிட்டால் ஆட்டோ தேடி நிற்காதீர்கள். மாலை நேரத்துப் பூந்தமல்லி நெடுஞ்சாலை உங்களுக்காக வழிவிடாது. சென்ட்ரல் மெட்ரோவில் பச்சைத் தடத்தில் ஏறுங்கள், அடுத்த நிலையமே எழும்பூர்.

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் எக்ஸ்பிரஸைத் தேடுவது

சென்ட்ரலுக்குப் பக்கத்துக் கட்டடமான இது ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கானது. தாம்பரம் லோக்கல் அங்கேயும் வராது, சாலைக்கு எதிர்ப்புறம் பார்க் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

2ஏ பிளாட்பாரத்தை அச்சுப் பிழை என்று நினைப்பது

இருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

எல்லா ரயிலும் சென்ட்ரலுக்கு வரும் என்று நம்புவது

சென்ட்ரலில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது, உள்ளே வந்த வண்டி திரும்பித்தான் போக வேண்டும். அதனால் வடக்கிலிருந்து கேரளம் போகும் சில ரயில்கள் சென்னையில் பெரம்பூரில் மட்டும் நின்று போய்விடும்.

சென்ட்ரலுக்குச் சற்று முன்னால், பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்கு நிற்கும்போது இறங்குவது

வேண்டவே வேண்டாம். சுற்றிலும் வண்டிகள் ஓடுகிற தண்டவாளங்கள்.