இஞ்சி பியர்: குளிரை நம்பிப் போத்தலை மூடாதீர்கள்

எங்கள் நுவரெலியாப் பக்கத்தில் வீட்டிலேயே இஞ்சி பியர் போடத் தொடங்கும் பிள்ளைகள், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே அச்சுப் பிசகாமல் மறுபடி அடிக்கிறார்கள். போத்தலைக் கழுவாமல் ஊற்றுவது, கொதிநீரில் ஈஸ்ட்டைக் கொட்டுவது எல்லாம் இரண்டாம் தடவை தானாகவே திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

"அசல் பியரே வடிக்கலாமே?" என்று கேட்பவர்களுக்கு: 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். இஞ்சி பியரையும் நாள்கணக்கில் புளிக்க விட்டால் மது ஏறும். வாயு ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

குமிழி நின்றதும் முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டித்தான். தை மாத இரவுகளில் அதைவிட நன்றாக இறங்கும். கடையில் வாங்கும் பாண் ஈஸ்ட்டுக்கோ 25 முதல் 30 பாகை வரை இருந்தால்தான் சுகம். குளிரில் அது சாகாது, சோம்பிக் கிடக்கும். மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கிற பிள்ளை, நுரையும் இல்லை குமிழியும் இல்லை, சரி முடிந்தது என்று கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடிவிடுகிறது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிக்கிறதா? அப்போ ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு இன்னும் உள்ளே இருக்கிறது.

நுவரெலியாவில் 1881இலேயே பியர் வடிசாலை வந்துவிட்டதே, அவர்களுக்கு மட்டும் குளிர் எப்படி ஒத்துப்போனது என்று சிலர் மடக்குவார்கள். லாகர் பியருக்குப் போடும் ஈஸ்ட் வேறு இனம். 10 பாகையைச் சுற்றிய குளிரிலும் அது நிதானமாக வேலையை முடிக்கும். நம் பாண் ஈஸ்ட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீட்டர் பானத்தில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் வாயு உண்டாகும். சாதாரண பியரில் லீட்டருக்கு இரண்டரை லீட்டர் வாயு இருக்கும். வீட்டு இஞ்சி பியருக்கு நாம் லீட்டருக்கு 100 கிராம் சீனி போடுகிறோம். முழுவதும் புளித்தால் 25 லீட்டர் வாயு. மூடிய போத்தலுக்குள் அது எங்கே போகும்?

தலவாக்கலைத் தம்பி ஒருவன் ஆறு போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த அண்ணனுக்குக் கொண்டுபோனான். மலையில் ஒரு கிழமை அசையாமல் இருந்த போத்தல்கள்தான். கொழும்புச் சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. கட்டிலுக்குக் கீழே வைத்தது மறுநாள் மத்தியானம் வெடித்தது. ஒன்று போனதும் பக்கத்தில் இருந்தவையும் போயின. அண்ணன் வேலைக்குப் போயிருந்தது நல்ல காலம். மெத்தையின் அடிப்பக்கத்தில் விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்று செருகி நின்றது. கேட்டால் தம்பி சொல்கிறான், "வீட்டில் இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லையே அண்ணே!" இந்தப் பதிலைத்தான் எனக்குத் தாங்க முடியாது. வீட்டில் ஒன்றும் ஆகாததுதானே ஆபத்து!

செய்ய வேண்டியது இதுதான். புளிக்க வைக்கும் பாத்திரத்தை அடுப்படி மூலையில், சூடு ஆறாத இடத்தில் வையுங்கள். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, உதவாது. தினமும் விரலால் அமுக்குங்கள். அமுங்காமல் கல்லாக இருந்தால் உடனே ஃபிரிட்ஜில். அங்கேயும் ஈஸ்ட் முழுதாக நிற்காது, மெதுவாகத்தான் போகும். ஒரு கிழமைக்குள் குடித்துவிடுங்கள். மலையை விட்டு இறக்குவதென்றால் ஐஸ் பெட்டியில் வைத்து, போய்ச் சேர்ந்த அன்றே.

சாராயப் போத்தல்

வேண்டாம். தட்டையான போத்தல் அழுத்தம் தாங்கச் செய்ததல்ல.

ஈஸ்ட்டை அள்ளிப் போடுவது

நாலு லீட்டருக்குக் கால் தேக்கரண்டி. கூடினால் பாண் வாசம்.

பெரிய இஞ்சியைப் பார்த்து மயங்குவது

சீன இஞ்சி பருமன், தோலுரிக்க லேசு, ஆனால் நீர்தான் அதிகம். நாட்டு இஞ்சி சின்னது, நார் நிறைந்தது, காரம் தொண்டையில் நிற்கும். அம்மியில் நசுக்கிப் போட்டால் சாறு நன்றாக இறங்கும். ஈஸ்ட் வாங்காமல் இஞ்சியும் சீனியும் மட்டும் வைத்துப் புளிக்க வைப்பவர்கள் தோலைச் சீவவே கூடாது. இயற்கை ஈஸ்ட் இருப்பதே தோலில்தான்.

படக்கென்று திறப்பது

கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்து, முகத்தை விலக்கி, மூடியைக் கொஞ்சமாகத் திருகுங்கள். நுரை பொங்கினால் திரும்ப மூடி, அடங்கியதும் மறுபடி திருகுங்கள்.