மாமாவின் மெயில் பெட்டி நிரம்பிய கதையும், அதைக் காலி செய்த விதமும்

போன மாதம் மயிலாடுதுறையிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ளே, லேப்ல ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பிட்டோம்ங்கிறாங்க. எனக்கு வரல. கேட்டா திரும்பி வந்துடுச்சாம்." தப்பு லேப்காரர்கள் மேல் இல்லை. மாமாவின் ஜிமெயிலில் இடமே இல்லை. படிக்காத மெயில் மட்டும் 38 ஆயிரத்துச் சொச்சம்.

அவர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாக நாற்பது மெயில் அழிப்பாராம். அதே நாளில் புதிதாக ஐம்பது வந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான். இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து சரி செய்தோம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதை போனில் முயற்சி செய்யாதீர்கள். ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வேண்டும்.

படி 1: முதலில் மூச்சு விட இடம்

கூகிள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது ஜிமெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பேரன் பிறந்தநாள் வீடியோக்கள் போட்டோஸில் ஏறினாலும் மெயில்தான் நிற்கும். நிரம்பிவிட்டால் வருகிற மெயில் அனுப்பியவருக்கே திரும்பும், நீங்களும் அனுப்ப முடியாது.

ஜிமெயிலில் மேலே இருக்கும் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சின்னதாகக் கோடுகள் போட்ட ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். அதில் 'சைஸ்' என்ற இடத்தில் 'இதைவிடப் பெரியது', 10, எம்பி என்று வைத்துத் தேடுங்கள். பெரிய இணைப்புகள் உள்ள மெயில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மாமாவுக்கு வந்தவை: பழைய மாணவர் குழு அனுப்பிய தத்துவப் படக்காட்சிகள், ஒரே கல்யாண அழைப்பு வீடியோ மூன்று முறை, வீடு கட்டியபோது இன்ஜினியர் அனுப்பிய வரைபடங்கள். வரைபடத்தைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டோம். மற்றதை அழித்தோம்.

அழித்தும் இடம் கூடவில்லையே என்று மாமா பதறினார். அழித்தது 'பின்' அல்லது 'ட்ராஷ்' என்ற தொட்டிக்குப் போய் 30 நாள் அங்கேயே கிடக்கும். தொட்டியைத் திறந்து 'எம்ப்டி' கொடுத்தால்தான் இடம் உடனே கிடைக்கும்.

படி 2: குழாயை மூடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள். ஜிமெயிலின் இடப்பக்கப் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். தெரியாவிட்டால் 'மோர்' என்பதை அழுத்தினால் கீழே வரும். யார் அதிகமாக அனுப்புகிறார்களோ அவர்கள் மேலே இருப்பார்கள். பெயருக்குப் பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்', அதாவது இனி அனுப்ப வேண்டாம் என்று விலகும் பொத்தான். மாமாவின் பட்டியலில் முதல் இடம், என்றோ ஒரு முறை மிக்ஸி வாங்கிய தளத்துக்கு. தீபாவளிக்கு மட்டும் இல்லை, ஆடிக்கும் அமாவாசைக்கும் தள்ளுபடி.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகிள் விதி வைத்திருக்கிறது. அதனால் பெரிய கம்பெனிகளிடம் இது பெரும்பாலும் வேலை செய்கிறது. நிற்க சில நாள் ஆகலாம்.

ஆனால் ஒன்று. உங்களுக்குத் தெரிந்த கடை, கம்பெனி என்றால் மட்டும் அன்சப்ஸ்கிரைப். 'லாட்டரி விழுந்தது', 'வருமான வரி ரீஃபண்ட் காத்திருக்கிறது' வகையறாவில் எந்த லிங்கையும் தொடாதீர்கள். அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி. அவற்றை 'ரிப்போர்ட் ஸ்பேம்' செய்துவிட்டு நகருங்கள்.

படி 3: பழசைக் கூட்டமாகத் தள்ளுங்கள்

மெயில் மெயிலாகப் பார்க்காதீர்கள், ஆள் ஆளாகப் பாருங்கள். மிக்ஸிக் கடையின் முகவரியைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேடினால் அவர்கள் அனுப்பிய அத்தனையும் வரும். மேலே இடது மூலையில் இருக்கும் கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் உள்ள 50 மட்டும் தேர்வாகும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். டிக் செய்ததும் பட்டியலுக்கு மேல் ஒரு வரி தோன்றும்: இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லா மெயிலையும் தேர்வு செய்யவா என்று. அதை அழுத்திவிட்டு அழியுங்கள். நான்காயிரம் மெயில் ஒரே நொடியில் காணாமல் போனபோது மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரை முடித்தாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்தை விடுங்கள். இன்பாக்ஸ் பூஜ்யம் ஆக வேண்டும் என்று யாரும் வரம் வாங்கி வரவில்லை.

படி 4: ஃபில்டர் – என் அனுபவத்தைக் கேட்டுவிட்டு

சிலரிடமிருந்து விலகவும் முடியாது, தினமும் பார்க்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தினால் 'இது போன்ற மெயிலுக்கு ஃபில்டர்' என்று வரும். இனி அப்படி மெயில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஃபில்டர். அதில் 'நேரே அழித்துவிடு' என்றும் ஒரு வசதி உண்டு. அதைத் தேர்வு செய்யாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று வாரத்துக்கு நாலு விளம்பரம் அனுப்புகிறதே என்ற கடுப்பில் நான் அதைத்தான் செய்தேன். பிரீமியம் நினைவூட்டலும் அதே முகவரியிலிருந்து வந்திருக்கிறது. பாலிசி காலாவதியாகி, அபராதம் கட்டிப் புதுப்பித்தேன். 'இன்பாக்ஸுக்கு வராதே' என்பதையும், அடையாளத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு மாதிரி ஒரு லேபிளையும் மட்டும் வையுங்கள். தேடினால் கிடைக்கும்.

அப்புறம், புதிதாக எங்காவது முகவரி கொடுக்கும்போது ஒரு சின்னத் தந்திரம். ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். மெயில் உங்களுக்கேதான் வரும். யார் உங்கள் முகவரியைக் கைமாற்றினார்கள் என்பதும் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. பில் கவுண்டரில் "நம்பர் சொல்லுங்க சார்" என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023-லேயே நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

படி 5: வாசலில் வந்து விழும் தாள்

மாமா வீட்டில் இன்னும் அந்தக் காலத்துக் கம்பி இருக்கிறது. தபாலைக் குத்திச் சுவரில் மாட்டி வைப்பார்களே, அது. அடியில் 1990-களின் மின்கட்டண ரசீது வரை இருந்தது.

முன்பு குடியிருந்தவர் பெயரில் வரும் கடிதங்களைப் பிரிக்காதீர்கள். மேலே 'இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்குத் திருப்பவும்' என்று எழுதி போஸ்ட்மேனிடம் கொடுங்கள், அல்லது சிவப்புப் பெட்டியில் போடுங்கள். ஆனால் உங்கள் பெயரில் ஸ்பீட் போஸ்டில் (முன்பு பதிவுத் தபால்) வரும் நோட்டீஸை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புவதில் பயன் இல்லை. கோர்ட் சம்மனாக இருந்தால், மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு. வாங்கிப் படித்துவிடுவதே மேல்.

வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனி ஆண்டறிக்கை எல்லாம் தாளாக வந்தால், வங்கியிலும், பங்குகள் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலும் மெயில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். மெயிலில் இடம் இருக்கிறதே இப்போது! பேப்பருக்குள் செருகி வரும் மனை விற்பனை நோட்டீஸ்களை வீட்டுக்குள்ளேயே கொண்டு போகாதீர்கள். வாசலிலேயே பழைய பேப்பர் மூட்டையில் போடுங்கள்.

மூட்டையைக் கடையில் எடைக்குப் போடும் முன் பெயர், பிறந்த தேதி, கணக்கு எண் உள்ள தாள்களைத் தனியே எடுத்துக் கிழியுங்கள். ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்தால், யாரோ ஒரு அம்மாவின் கடன் விண்ணப்ப நகல். போட்டோ, கையெழுத்து, ஆதார் எண், எல்லாம் தெளிவாக. பஜ்ஜி இறங்கவில்லை. தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மாமாவின் கம்பியில் இப்போது மூன்றே தாள். இந்த வருட வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ், ஒரு கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. அதை மட்டும் எடுக்க விட மாட்டேன் என்கிறார்.