'நான் பேசிய டீச்சர்': ஆங்கிலத்தில் 'டு' எங்கே போச்சு?

வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் என்று யாங்கோனில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வாக்கியம் தலைகீழாகத்தான் தெரியும். நம் இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும், விவரம் பெயருக்கு முன்னால் நிற்கும், 'இல்', 'உடன்' போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் மூன்றும் இடம் மாறிவிடும்.

முதல் படி: பெயரைப் பிடியுங்கள்.
'அனோரத்தா சாலையில் கடை வைத்திருக்கும் மாமா நாளை வருகிறார்.' பேச்சு மாமாவைப் பற்றி. எனவே 'தி அங்கிள்' முதலில். ஆள் என்பதால் 'ஹூ' (பொருளுக்கு 'விச்' அல்லது 'தட்'). அப்புறம் விவரம், அதன்பின் முக்கிய வினை: 'தி அங்கிள் ஹூ ஹேஸ் எ ஷாப் ஆன் அனோரத்தா ரோட் இஸ் கமிங் டுமாரோ.' 'ஹூ' முதல் 'ரோட்' வரை விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் தனியாக நின்றால் சரி.

இரண்டாம் படி: 'இல்'லைப் பிரியுங்கள்.
நமக்கு எல்லா இடத்துக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலம் அளவு பார்க்கும். ஊருக்குள் 'இன் யாங்கோன்', சாலைக்கு 'ஆன்', குறிப்பிட்ட இடத்துக்கு 'அட் தி காளி டெம்பிள்'. காலமும் இப்படித்தான். பர்மா விடுதலை பெற்றது 'இன் 1948', 'ஆன் ஜனவரி 4', 'அட் 4.20'. விடியாத அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர்கள் ஜோசியர்கள்!

மூன்றாம் படி. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.
'டீச்சருடன் பேசினேன்' என்பதை 'நான் பேசிய டீச்சர்' என்று மாற்றினால் 'உடன்' காணாமல் போகிறது. யாரும் தேடுவதில்லை. அதே பழக்கத்தில் 'தி டீச்சர் ஐ ஸ்போக்' என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலம் அதை விடாது. 'தி டீச்சர் ஐ ஸ்போக் டு' என்று வாலில் வைத்தே ஆகவேண்டும். 'நான் வந்த ரயில்' என்றால் 'தி ட்ரெயின் ஐ கேம் ஆன்'. 'நான் வேலை செய்யும் கடை' என்றால் 'தி ஷாப் ஐ வொர்க் இன்'.

எழுதும் முன் தொடரை முழு வாக்கியமாக விரித்துப் பாருங்கள். 'ஐ வொர்க் இன் தி ஷாப்' என்று விரித்தால் 'இன்' தானே வெளியே வரும்.

'வேர்' போட்டால் மட்டும் கதை வேறு: 'தி ஷாப் வேர் ஐ வொர்க்'. 'இன்' அதற்குள்ளேயே இருப்பதால் மறுபடி சேர்க்கக் கூடாது.

'லிசன் டு', 'வெயிட் ஃபார்' போன்றவற்றுக்குக் காரணம் தேடி மண்டையை உடைக்காமல், வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சரி, 'நான் காத்திருந்த பஸ் வரவில்லை' என்பதை எழுதிப் பாருங்கள். 'தி பஸ் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் டிட் நாட் கம்' என்று வந்திருக்க வேண்டும்.