ஹேவ்வா, ஹேஸா? உடைமையை விடுங்கள், உடையவரைப் பாருங்கள்

"அவளுக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலரும் "ஷீ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்பார்கள். வாயில் தமிழ் இலக்கணம் ஊறிக் கிடப்பதும் இதற்கு ஒரு காரணம். தமிழ் வாக்கியத்தில் எழுவாய் 'அண்ணன்கள்'. அதனால்தான் வினை 'இருக்கிறார்கள்' என்று முடிகிறது. 'அவளுக்கு' வெறும் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்திலோ 'ஷீ'தான் எழுவாய். அண்ணன் இரண்டு பேரோ இருபது பேரோ, வினை கண்டுகொள்ளாது.

முதல் படி: யாரிடம் இருக்கிறது, எதில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் ஐ, யூ, வீ, தே என்றால் ஹேவ். ஹீ, ஷீ, இட் அல்லது ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள் என்றால் ஹேஸ். ஆகவே "ஷீ ஹேஸ் டூ பிரதர்ஸ்". பஸ்ஸில் நாற்பது சீட் இருந்தாலும் பஸ் ஒன்றுதான்: "த பஸ் ஹேஸ் ஃபார்ட்டி சீட்ஸ்". 'ரவி ஆண்ட் மாலா' இரண்டு பேர், அதனால் ஹேவ்.

இங்கே மரியாதை குறுக்கே வரும். அப்பாவை 'அவர்' என்போம், டீச்சரை 'அவங்க' என்போம். ஆங்கில வினைக்கு மரியாதைப் பன்மை கிடையாது. "மை ஃபாதர் ஹேஸ் எ ஷாப்" என்பதுதான் சரி. டீச்சர் பெண் என்றால் 'தே' வேண்டாம், 'ஷீ' போதும்.

இரண்டாம் படி: கேள்வியும் மறுப்பும். "டஸ் ஷீ ஹேஸ் எ பைக்?" என்பது அடிக்கடி காதில் விழும் பிழை. 'டூ' ஏற்கெனவே 'டஸ்' ஆகி, கடைசி 'ஸ்'ஸை வாங்கிக்கொண்டது. வினைக்கு ஒரு 'ஸ்' போதும். எனவே ஹேஸ் மறுபடி ஹேவ் ஆகிவிடும்: "டஸ் ஷீ ஹேவ் எ பைக்?", "ஷீ டஸிண்ட் ஹேவ் எ பைக்". வில், கேன், மஸ்ட் வந்தாலும் பின்னால் ஹேவ்தான்.

மூன்றாவது, இந்த இரண்டையும் நின்று பாருங்கள்: 'எவ்ரிபடி' என்றால் எல்லாரும், ஆனால் இலக்கணத்தில் ஒருமை, "எவ்ரிபடி ஹேஸ் எ ஃபோன்". 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்பதில் வினைக்குப் பக்கத்தில் நிற்பது ஃப்ரெண்ட்ஸ். அதைப் பார்த்து ஹேவ் போட்டுவிடாதீர்கள். வினை பார்ப்பது 'ஒன்'னை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹேஸ் எ கார்".

"ஐ அம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" நம் ஊரில் சகஜம். ஆனாலும் தேர்விலும் நேர்காணலிலும் தவிருங்கள். உடைமைக்கு 'ஹேவிங்' சேராது. சாப்பாட்டுக்குச் சேரும்: "ஐ அம் ஹேவிங் லஞ்ச்".

இப்போது ஒன்றை நீங்களே செய்து பாருங்கள்: "என் ரெண்டு அக்காவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் இருக்கு." ஸ்கூட்டர் ஒன்று என்பதால் ஹேஸ் போட்டிருந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள். விடை: "மை டூ சிஸ்டர்ஸ் ஹேவ் ஒன்லி ஒன் ஸ்கூட்டர்."