டப்ளினில் இரண்டு நாள்: பணம் எங்கே கரைகிறது?

டப்ளினில் அருங்காட்சியகம் பார்த்து யாருக்கும் கையிருப்பு கரைவதில்லை. தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், டப்ளின் கோட்டை வளாகத்திலுள்ள செஸ்டர் பீட்டி நூலகம் எல்லாமே இலவசம். பர்ஸைப் பதம் பார்ப்பவை படுக்கையும் பீரும்தான்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று தேதியைப் பார்க்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தை ஒட்டிய நாட்களிலும், 82,000 பேர் கொள்ளும் குரோக் பார்க் மைதானத்தில் இறுதி ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ நடக்கும் வார இறுதிகளிலும் டார்மிட்டரி கட்டிலின் விலைகூட எகிறிவிடும். முதலில் கட்டில், பிறகு விமானம். டப்ளின் இருக்கும் அயர்லாந்து, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசா இங்கே செல்லாது.

நகரப் பஸ்ஸில் நோட்டை நீட்டாதீர்கள். நாணயம் மட்டுமே வாங்குவார்கள், மீதியும் கிடைக்காது. கடைகளில் விற்கும் லீப் கார்டு (முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் பயண அட்டை) இருந்தால் 2 யூரோவில் 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம், டார்ட் எனும் கடலோரப் புறநகர் ரயில் என்று மாறி மாறி ஏறலாம். டிராமிலும் ரயிலிலும் பயணம் முடிந்ததும் கார்டை மறுபடி காட்ட வேண்டும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நம்மைக் கடந்து போய்விடும்; கையை நீட்டித்தான் நிறுத்த வேண்டும்.

நேராகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கில்மைனம் சிறையைக் கடைசி நாளுக்குத் தள்ளுபவர்கள் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் 14 பேரைச் சுட்டுக் கொன்ற இடம் அது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். 28 நாட்களுக்கு முன்பே இணையத்தில் திறக்கும் டிக்கெட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும். கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு, திங்கள் காலையில் போனாலும் பூட்டிய கதவுதான். அந்த நாட்களில் பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் மதுக்கடைப் பகுதியான டெம்பிள் பாரை ஒருமுறை நடந்து பாருங்கள், குடிப்பதை வேறு தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். பசிக்கு மளிகைக் கடையின் டெலியில் (தயார் உணவு விற்கும் பகுதி) சிக்கன் ஃபில்லே ரோல், அதாவது கோழித்துண்டு வைத்த நீள ரொட்டி, வாங்கினால் போதும். உள்ளூர் மாணவர்களின் மதிய உணவே அதுதான்.

இருக்கும் இரண்டு நாளில் ஒன்றை நாட்டின் மேற்குக் கடற்கரையிலுள்ள மோஹர் பாறைமுகடுகளுக்குக் கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போக வர மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் கழியும். கடலோரச் செங்குத்துப் பாறைதான் வேண்டும் என்றால் அதே 2 யூரோவுக்கு டார்ட் ரயிலில் டப்ளினை ஒட்டிய கடலோர ஊரான ஹோத் போகலாம். அங்கே பாறை விளிம்பு நடைபாதைக்குக் கட்டணம் இல்லை. காற்று பலமாக அடிக்கும். குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டை எடுத்துப் போங்கள்.