நாட்டு அணியின் போட்டி முடிவுகளைப் பதிவேட்டில் எழுதும் முறை

2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில், இந்திய அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி, தன் பிரிவில் எட்டாவதாக வந்து வெளியேறியது. அந்த நால்வரில் ஒருவர் மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதி. அந்த ஒலிம்பிக் முடிந்ததும், மதுரை செல்லூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் படிப்பகத்தின் பலகையில் 1 தங்கம், 2 வெள்ளி, 4 வெண்கலம் என்று ஏழு பதக்கங்களையும் வென்றவர்களின் பெயர்களோடு எழுதி வைத்தேன். ரேவதியின் பெயருக்கு அதில் இடமில்லை, ஏனென்றால் பதக்கங்களுக்கு மட்டுமே கட்டம் போட்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பெண் ஒலிம்பிக்கில் ஓடியிருக்கிறார், நம் பலகை அதைச் சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன்பின் மாற்றிக்கொண்ட முறையைத்தான், பள்ளியிலோ நூலகத்திலோ படிப்பகத்திலோ இந்த வேலையை ஏற்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் பதிவேடு வேறு, பலகை வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பலகை அன்றன்றைக்கு மக்கள் பார்ப்பதற்கு; பதிவேடு பத்து ஆண்டு கழித்து ஒருவர் எடுத்துப் பார்ப்பதற்கு. பதிவேட்டுக்கு நீளவாக்கில் கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு போதும். அதில் தேதி, விளையாட்டு, போட்டிப் பிரிவு, பெயர், சுற்று, எடுத்த நேரம் அல்லது தூரம் அல்லது புள்ளி, பிடித்த இடம், குறிப்பு என்று எட்டுக் கட்டங்கள் இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரியட்டும். குறிப்புக் கட்டம் மற்ற எல்லாவற்றையும்விட அகலமாக இருக்க வேண்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது. பதக்கம் வென்றவர், முதல் சுற்றிலேயே தோற்றவர், காயத்தால் களமிறங்காதவர் ஆகிய எல்லோருக்கும் ஒவ்வொரு வரி உண்டு. முடிவுத் தாளில் டி.என்.எஸ். என்று இருந்தால் களமிறங்கவில்லை என்றும், டி.என்.எஃப். என்றால் ஓட்டத்தை முடிக்கவில்லை என்றும், டி.க்யூ. என்றால் தகுதி நீக்கம் என்றும், என்.ஆர். என்றால் தேசிய சாதனை என்றும் தமிழில் விரித்தே எழுதிவிடலாம். சுருக்கெழுத்தை அப்படியே படியெடுத்தால், அடுத்து நோட்டைப் புரட்டுபவர் அதற்குத் தனியாக அகராதி தேட வேண்டியிருக்கும்.

தலைப்பு எழுதும்போதே பலர் தடுமாறும் இடம் ஆண்டு. டோக்கியோ 2020 ஒலிம்பிக் நடந்தது 2021-இல். ஹாங்சோ 2022 ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை. செவித்திறன் குறைந்தோருக்கான 2021 டெஃப்லிம்பிக்ஸ் பிரேசிலில் நடந்தது 2022 மே மாதத்தில். ஆகவே போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயரை அதன் ஆண்டோடு எழுதி, அதன் கீழேயே நடந்த நாட்களையும் எழுதிவிட வேண்டும். தேதியிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. பாரிஸில் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டருக்கு ஈட்டி எறிந்து வெள்ளி வென்றபோது அங்கே 2024 ஆகஸ்ட் 8 இரவு. மதுரையில் நள்ளிரவைத் தாண்டி ஆகஸ்ட் 9 பிறந்துவிட்டது. போட்டி நடந்த ஊரின் தேதியையே எழுதுவது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிட்டால், பின்னால் செய்தித்தாளோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. முடிவுத் தாள்களில் குடும்பப் பெயரை முன்னால் பெரிய எழுத்தில் போடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அந்த இடத்தில் ஏறிவிடுகிறது. விளைவாக, ஓடியது ரேவதி, தாளில் முன்னால் நிற்பது வீரமணி. அதே அணியில் ஓடியது சுபா, முன்னால் நிற்பது வெங்கடேசன். அதைப் பார்த்து அப்படியே எழுதினால், ஒரு பெண் ஓடிய ஓட்டத்தை அவருடைய அப்பா ஓடியதாகப் பதிவாகிவிடும். தமிழ்ப் பெயர்களை வீ. ரேவதி, வெ. சுபா, ர. ராஜேஷ், ரா. வித்யா என்று தலைப்பெழுத்தோடு நம் வழக்கப்படி எழுத வேண்டும். மற்ற மாநிலத்தவரின் பெயர்களை அவர்கள் வழங்கும் விதத்திலேயே எழுதலாம்.

இனி, எப்போது மையால் எழுதுவது என்ற கேள்வி. என் அனுபவத்தில் இதுவே மிக முக்கியமானது. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. இந்தியாவுக்காக அஜ்மல், வித்யா, ராஜேஷ், சுபா ஆகியோர் ஓடினார்கள். பஹ்ரைன் முதலாவதாகவும் இலங்கை இரண்டாவதாகவும் இந்தியா மூன்றாவதாகவும் கோட்டைக் கடந்தன. தொலைக்காட்சியில் பார்த்த கையோடு ஸ்கெட்ச் பேனாவால் பலகையில் வெண்கலம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் படிப்பகத்தின் வாசலிலேயே காத்திருந்து, “அண்ணே, அது வெள்ளி. இலங்கை தடம் மாறி ஓடிருச்சுன்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க” என்றாள். துணியில் தண்ணீர் தொட்டு அழித்ததில் சுபாவின் பெயரும் சேர்ந்து கலைந்தது. அக்டோபர் 1 அன்று நடந்த பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் இதே கதைதான்: மூன்றாவதாக வந்த ஜோதி யாராஜிக்கு, சீன வீராங்கனை தவறான தொடக்கத்துக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டபின் வெள்ளி கிடைத்தது. இரண்டு நாளில் இரண்டு முறை இப்படி நடந்திருப்பதால், போட்டி நடந்த அன்று பென்சிலால் எழுதி, முறையீடுகள் முடிந்து அமைப்புக் குழுவின் இணையதளத்தில் முடிவுத் தாள் வந்தபின் பேனாவால் எழுதுவதே சரி. வாட்ஸ்அப்பில் சுற்றும் வாழ்த்துப் படங்களை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது.

பேனாவால் எழுதியதும் கடைசி வார்த்தை ஆகிவிடாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்த அன்று இந்தியாவின் கணக்கு 15 தங்கம், 24 வெள்ளி, 30 வெண்கலம், மொத்தம் 69. பின்னர் பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியதால் அவர் பங்கேற்ற முடிவுகள் நீக்கப்பட்டன. கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவின் வெள்ளி தங்கமாயிற்று, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்திருந்த அனு ராகவனுக்கு வெண்கலம் கிடைத்தது. கணக்கு 16, 23, 31 என்று மாறி மொத்தம் 70 ஆயிற்று. அந்தத் தங்கத்துக்கு உரியவர்களில் திருச்சி லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் ஒருவர். இப்படிப்பட்ட திருத்தம் வரும்போது பழைய எண்ணை ஒயிட்னர் போட்டு மறைக்காமல், அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அகலமாக விட்ட குறிப்புக் கட்டத்தில் மாற்றத்தையும் காரணத்தையும் திருத்திய தேதியையும் எழுத வேண்டும். 2018-இல் வெளிவந்த புத்தகத்தில் 69 என்று பார்த்தவர் நம் நோட்டில் 70 என்று பார்த்தால், எது சரி, ஏன் மாறியது என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.

கூட்டிப் பார்ப்பது எளிது என்று நினைப்போம். அதிலும் சில விதிகள் உள்ளன. குழு எத்தனை பேர் கொண்டதாக இருந்தாலும் பதக்கப் பட்டியலில் அது ஒன்றே. ஹாங்சோவில் வெள்ளி வென்ற பெண்கள் 4×400 அணியில் வித்யா, சுபா என இரண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் ஓடினார்கள் என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு இரண்டு வெள்ளி என்று எழுதுவது கணக்கல்ல. வேண்டுமானால், பதக்கம் பெற்ற தமிழ்நாட்டு வீரர்கள் என்று ஆட்களின் பட்டியலாகத் தனியே போடலாம். மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் ஒரு எடைப் பிரிவுக்கு இரண்டு வெண்கலங்கள் உண்டு. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். ஆகவே எல்லா நாடுகளின் வெண்கலங்களையும் கூட்டும்போது தங்கங்களைவிட அதிகமாக வந்தால் பதறத் தேவையில்லை. நம் அணியின் கணக்கை மட்டும், விளையாட்டுவாரியாக ஒரு முறையும் பதக்கவாரியாக ஒரு முறையும் கூட்டி, இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்: ஹாங்சோ போட்டி முடிந்த அன்றைய கணக்கில் 28, 38, 41 கூட்டினால் 107.

எத்தனையாவது இடம் என்பதை எழுதும்போது, எதை வைத்து வரிசைப்படுத்தினோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஹாங்சோவில் ஜப்பான் 52 தங்கத்தோடு மொத்தம் 188 பதக்கங்கள் வென்றது. தென் கொரியா 42 தங்கத்தோடு மொத்தம் 190 வென்றது. தங்கத்தை வைத்துப் பார்த்தால் ஜப்பான் இரண்டாவது. மொத்தத்தை வைத்துப் பார்த்தால் தென் கொரியா. நம் செய்தித்தாள்கள் தங்கத்தையே முதலில் பார்க்கின்றன, அதையே பின்பற்றுவது நல்லது. இந்தியா எந்த வழியில் பார்த்தாலும் அங்கே நான்காவதுதான்.

பலகையைப் பார்க்க வருபவர்கள் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதிவேட்டிலேயே பதில் தயாராக இருக்க வேண்டும்: ஹாங்சோவில் 28 தங்கம் வென்ற நாடு, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல், 1 வெள்ளி, 5 வெண்கலத்தோடு ஏன் திரும்பியது? உலகம் முழுவதும் போட்டியிடும் களம் அது என்பது ஒரு பகுதிதான். அந்த 28 தங்கங்களையும் பிரித்து எழுதிப் பார்த்தால் மீதி விளங்கும். துப்பாக்கி சுடுதலில் 7, தடகளத்தில் 6, வில்வித்தையில் 5, கபடி, கிரிக்கெட், ஸ்குவாஷ் ஆகியவற்றில் தலா 2, ஹாக்கி, பாட்மிண்டன், டென்னிஸ், குதிரையேற்றம் ஆகியவற்றில் தலா 1. இவற்றில் கபடி, கிரிக்கெட், ஸ்குவாஷ் ஆகிய மூன்றும் பாரிஸில் நடத்தப்படவே இல்லை. வில்வித்தையின் ஐந்து தங்கங்களும் காம்பவுண்ட் வில் என்ற, கப்பி பொருத்திய வில்லின் பிரிவில் வந்தவை. அந்தப் பிரிவும் பாரிஸில் கிடையாது. துப்பாக்கி சுடுதலின் ஏழில் ஐந்து, ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று தனித்தனியே நடக்கும் குழுப் போட்டிகளில் வந்தவை; அவையும் அங்கே இல்லை. 6, 5, 5 என்று கூட்டினால் 28-இல் 16 தங்கங்களை வெல்வதற்குப் பாரிஸில் போட்டியே நடக்கவில்லை என்று தெரிகிறது. செல்லூரில் கபடி வீரர்களின் சிலைகளோடு ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. ஹாங்சோவில் ஈரானை 33-29 என்று வென்ற இறுதிப் போட்டியை மூச்சுவிடாமல் பார்த்தவர்களுக்கு, ஒலிம்பிக்கில் கபடி இல்லை என்பதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் கபடியில் வந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்கள்.

பாராலிம்பிக்ஸுக்கும் டெஃப்லிம்பிக்ஸுக்கும் தனித்தனி நோட்டு போட வேண்டும், ஒலிம்பிக் கணக்கோடு கூட்டிவிடக் கூடாது. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் துண்டுச் செய்தியாகவும் ஒதுக்கக் கூடாது. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றார்: ஒற்றையர், கலப்பு இரட்டையர், குழு. பாராலிம்பிக்ஸில் பெயருக்கு அருகே, உடற்குறைபாட்டின் வகையைக் காட்டும் வகைப்பாட்டு எண்ணையும் எழுத வேண்டும். 2024-இல் பாரிஸில் பாட்மிண்டனில் துளசிமதி வெள்ளியும் மனிஷா வெண்கலமும் வென்றது கைக் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்.யு. 5 பிரிவில், நித்யஸ்ரீ வெண்கலம் வென்றது உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச். 6 பிரிவில். எண்ணை விட்டுவிட்டால், ஒரே நாளில் ஒரே விளையாட்டில் எத்தனை பேர் வென்றார்கள், எப்படி என்று படிப்பவர் குழம்புவார்.

இவ்வளவு பாடுபட்டுத் தோற்றவர்களின் வரிகளையும் எழுதுவதால் கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு, நான் அதே கலப்புத் தொடர் ஓட்டத்தின் இரண்டு வரிகளைக் காட்டுவது வழக்கம். டோக்கியோவில் 3 நிமிடம் 19.93 விநாடி, ஹாங்சோவில் 3 நிமிடம் 14.34 விநாடி. இரண்டு ஆண்டில் ஐந்தரை விநாடிக்கு மேல் குறைந்திருக்கிறது, இரண்டிலும் சுபா ஓடியிருக்கிறார், இரண்டாவது ஓட்டம் தேசிய சாதனை. முதல் வரி நோட்டில் இல்லையென்றால் இரண்டாவது வரி வெறும் ஒரு வெள்ளிப் பதக்கம்தான்.

அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை நடைபெறுவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அங்கே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் தகுதிச் சுற்று இங்கே ஐந்தரை மணிக்கு, முதல் டீ கொதிக்கும் நேரத்தில் வரும். இரவு ஏழு மணி இறுதிப் போட்டி இங்கே பிற்பகல் மூன்றரைக்கு முடிவு தெரிந்துவிடும். காலையில் எழுந்து தகுதிச் சுற்றுகளை எழுத ஒருவரும், மாலையில் படிப்பகத்தில் முடிவுத் தாளைச் சரிபார்த்துப் பேனாவால் எழுத மற்றொருவரும் இருந்தால் வேலை சுளுவாகும். எங்கள் படிப்பகத்தில் காலை வேலையை, அன்று வாசலில் காத்திருந்த அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாள்.